திரும்ப வந்த பெருவிரல் புடைப்பு: இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

46 வயது ஆசிரியை ஒருவர் அனுப்பியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வலது கால் பெருவிரல் புடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். புடைப்பைச் சீவி, அதன் பின்னால் இருக்கும் எலும்பின் முனையை வெட்டி நகர்த்தி, ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்திருக்கிறது. பிறகு பெருவிரல் மெல்ல மெல்லச் சாய்ந்து, இப்போது இரண்டாவது விரலை நெருக்கித் தூக்கிவிட்டது. புடைப்பு ஷூவில் உரசி எரிகிறது. ஆனால் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திய பின் தாங்க முடியாமல் வலிப்பது இரண்டாவது விரலுக்குக் கீழே, உள்ளங்காலில். அங்கே தோலும் காய்த்துப்போயிருக்கிறது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில் பெருவிரல் சாய்வு 34 டிகிரி, எலும்புகளுக்கு இடையிலான கோணம் 16 டிகிரி. அம்மாவுக்கும் இதே போன்ற பாதம். தன் மூட்டுகள் எல்லாமே சிறுவயதிலிருந்து தளர்வானவை, கைக் கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். மூன்று யோசனைகள் கிடைத்திருக்கின்றன. சிறு துளை வழியாகப் புடைப்பை மட்டும் சீவிவிடலாம், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். நடுப்பாதத்தில் ஒரு மூட்டை இணைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். பெருவிரல் மூட்டையே அசையாதபடி இணைத்துவிடலாம் என்கிறார் மூன்றாமவர். முதல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தாவது வாரமே வேலைக்குப் போனது தன் தவறா, இரவில் கட்டும் பட்டையை விட்டது காரணமா, மூன்றில் எது சரி, மறுபடியும் வந்துவிடுமா, இடது காலையும் சேர்த்தே செய்துவிடலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்தாவது வாரத்தில் வேலைக்குப் போனதை ஆறு ஆண்டுகளாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதை இறக்கி வைத்துவிடலாம். வெட்டி நகர்த்திய எலும்பு பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் நடந்ததால் அது இடம் பெயர்ந்திருந்தால் அந்த முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே விரல் கோணியிருக்கும். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் நேராக நின்று, பிறகு மெதுவாகச் சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்வதற்குக் காரணங்கள் வேறு. இரவுப் பட்டையைப் பற்றியும் கவலை வேண்டாம். வளர்ந்தவர்களின் பாதத்தில் பட்டையோ, விரல்களுக்கு இடையில் வைக்கும் சிலிக்கான் துண்டோ எலும்பின் கோணத்தை நிலையாக மாற்றுவதில்லை. கட்டியிருக்கும் வரை விரல் நேராகத் தெரியும், உரசல் குறையும். அதன் பலன் அவ்வளவுதான்.

புடைப்பு என்பது உண்மையில் என்ன?

சீவிய எலும்பு மறுபடி வளர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கே புதிதாக வளர்ந்த எலும்பு மிகக் குறைவு. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீண்ட எலும்பு ஓடுகிறது. அதுதான் முதல் மெட்டாடார்சல். அது மற்றொரு பாதத்தை நோக்கி உட்பக்கமாக விலகுகிறது, பெருவிரல் எதிர்ப்பக்கமாக, இரண்டாவது விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மெட்டாடார்சலின் தலை தோலுக்கடியில் துருத்துகிறது. கையால் தொட்டுப் பார்க்கும் புடைப்பு பெரும்பாலும் இந்தத் தலைதான். இந்தக் கோணலைத்தான் உங்கள் அறிக்கையில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருப்பார்கள்.

பெருவிரல் சாய்வு 15 டிகிரிக்குள்ளும், முதல் இரண்டு மெட்டாடார்சல்களுக்கு இடையிலான கோணம் 9 டிகிரிக்குள்ளும் இருப்பது இயல்பு. உங்கள் 34-ம் 16-ம் நடுத்தரத்தின் மேல்பகுதியில் நின்று கடுமையை எட்டிப்பார்க்கும் அளவுகள். ஆனால் அந்த எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. படுத்தோ உட்கார்ந்தோ எடுத்த படத்தில் கோணங்கள் குறைவாகத் தெரியும். அதை வைத்து எந்த அறுவை சிகிச்சையையும் திட்டமிடக் கூடாது. அப்படி எடுத்திருந்தால், இரண்டு கால்களிலும் எடை போட்டு நின்றபடி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கோணங்களைத் தவிர, சுழற்சி என்று இன்னொன்று இருக்கிறது. மெட்டாடார்சல் பக்கவாட்டில் விலகுவதோடு நிற்காமல் தன் அச்சிலேயே சுழலவும் செய்கிறது. அதன் தலைக்கு அடியில் செசமாய்ட் எனும் இரண்டு சிறு எலும்புகள், தண்டவாளத்தில் ஓடுவது போல, தங்களுக்கான பள்ளங்களில் நகர வேண்டும். எலும்பு சுழன்று விலகும்போது இவை பள்ளத்திலிருந்து விலகி, முதல் இரண்டு விரல்களுக்கு இடையில் போய் நிற்கின்றன. அவற்றோடு பிணைந்த தசைநாண்கள் அதன் பிறகு விரலை நேராக்குவதற்குப் பதில் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கோணலாக இழுக்கின்றன. விரலை நேராக்கிவிட்டு செசமாய்ட்களை விலகிய இடத்திலேயே விட்டுவைத்தால் அதே இழுப்பு தொடரும். புடைப்பு திரும்பி வருவதற்கு நன்கு தெரிந்த காரணங்களில் இது ஒன்று.

முதல் சிகிச்சை ஏன் நிலைக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை இரண்டாவது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள். மூன்று மருத்துவர்களும் என்ன செய்யலாம் என்று சொன்னதை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் திரும்ப வந்தது என்று யாராவது சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. காரணம் தெரியாமல் செய்யும் இரண்டாவது சிகிச்சை முதல் சிகிச்சையின் குறையையே மறுபடி செய்யக்கூடும்.

மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: அறுவைக்கு முன் எடுத்தது, அறுவை முடிந்து முதல் சில மாதங்களில் எடுத்தது, இப்போதையது. நடுப்படத்திலேயே கோணம் முழுதாகக் குறையாமல், செசமாய்ட்கள் விலகியே நின்றால் திருத்தம் போதவில்லை என்று பொருள். பெரிய கோணலுக்கு எலும்பின் முனையில் மட்டும் வெட்டினால் நகர்த்தக் கிடைக்கும் தூரம் குறைவு, அதனால் இப்படி நேர்வது உண்டு. முதல் வாரங்களில் நேராக இருந்து அடுத்த படத்தில் எலும்பு நகர்ந்திருந்தால் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. நடுப்படம் நன்றாக இருந்து ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கெட்டிருந்தால், விலக்கும் விசை இன்னும் பாதத்துக்குள் இருக்கிறது.

உங்கள் கதை மூன்றாவது வகையைப் போல இருக்கிறது. அதற்கான தடயம் அந்தத் தளர்வான மூட்டுகளைப் பற்றிய வரியில் இருக்கிறது. முதல் மெட்டாடார்சல் நடுப்பாதத்தோடு சேரும் மூட்டு இயல்பில் கொஞ்சமே அசையும். அது தளர்ந்திருந்தால், எலும்பின் முனையை எவ்வளவு அழகாக நகர்த்தி வைத்தாலும் அடிப்பகுதி மறுபடி விலகிக்கொடுக்கும். விரல் மூட்டைச் சுற்றியுள்ள உறையை இறுக்கித் தைத்ததும், தளர்வான திசு உடையவர்களுக்கு நாளடைவில் நீண்டுபோகிறது. இதை மருத்துவர் கையால் சோதிப்பார்: ஒரு கையால் மற்ற மெட்டாடார்சல்களைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதலாவதை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த மூட்டின் அடிப்புறம் வாய் திறந்தது போல விரிந்திருப்பதும் ஒரு குறிப்பு.

கூடவே பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. தட்டைப் பாதம், முழங்காலை நீட்டி வைத்திருக்கும்போது கணுக்காலை மேலே மடக்க விடாத இறுகிய கெண்டைத் தசை, எல்லா மெட்டாடார்சல்களும் சேர்ந்து உட்பக்கம் வளைந்திருக்கும் பிறவி அமைப்பு. இந்த அமைப்பு இருந்தால் இடைக்கோணம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்து மருத்துவரையே ஏமாற்றும். காலையில் கை மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். அந்த நோயைக் கட்டுப்படுத்தாமல் பாதத்தை மட்டும் சரிசெய்வது நீடிக்காது. பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, சில நாளில் தானே அடங்கும் வழக்கம் இருந்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். பழைய ஸ்க்ரூ உள்ள இடத்தில் ஓயாத வலியோ வெதுவெதுப்போ இருந்தால், கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்ய இஎஸ்ஆர், சிஆர்பி எனும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்ப்பது வழக்கம். பழைய தழும்பைத் தட்டினால் விரல் நுனிவரை சுரீரென்று ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி ஓடினால் அது தோல் நரம்பின் வலி. எலும்பை நேராக்கினாலும் அது போகாது.

சீவி எடுத்தால் போதாதா?

உங்கள் பாதத்துக்குப் போதாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 16 டிகிரி விலகி நிற்கும் எலும்பின் துருத்தலை மட்டும் சீவினால் விலகல் அப்படியே இருக்கும், சில காலத்தில் தலை மறுபடி துருத்தும். ஏற்கெனவே ஒருமுறை சீவிய தலை உங்களுடையது. இன்னும் சீவினால் விரலெலும்பும் செசமாய்டும் அமரும் பரப்பே குறைந்து மூட்டு நிலைகுலையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுக்க உங்களை வருத்தும் வலி இரண்டாவது விரலின் அடியில். புடைப்பைச் சீவுவது அந்த வலியைத் தொடக்கூடப் போவதில்லை.

துளை வழி அறுவை முறையையே குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு துளைகள் வழியாக எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்தும் முறைகள் இன்று நன்கு வளர்ந்திருக்கின்றன. தேர்ந்த கையில் நல்ல பலன் தருகின்றன. தோலில் துளை எவ்வளவு சிறியது என்பதைவிட, அதன் வழியாக உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாதத்தின் பிற்காலத்தை முடிவுசெய்கிறது. யாராவது துளையின் அளவை மட்டுமே பேசினால், எலும்பில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

எந்த மூட்டை இணைப்பது?

இரண்டு மருத்துவர்களும் மூட்டு இணைப்பு என்றே சொல்லியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு மூட்டுகள், வெவ்வேறு விளைவுகள்.

நடுப்பாத மூட்டை இணைப்பது லாபிடஸ் முறை. பால் லாபிடஸ் 1934-இல் விவரித்தது. அதன் பின் கருவிகளும் பிடிமானமும் வெகுவாக மாறியிருக்கின்றன. மூட்டின் இரு பக்கக் குருத்தெலும்பையும் முழுவதுமாக நீக்கி, அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகள் இட்டு ரத்தம் கசியச் செய்து, மெட்டாடார்சலை அடியிலிருந்தே இரண்டாவது மெட்டாடார்சலை நோக்கித் தள்ளி, சுழற்சியையும் திருப்பி, ஸ்க்ரூக்களாலோ பிளேட்டாலோ நிறுத்துகிறார்கள். கோணல் தொடங்கும் இடத்திலேயே திருத்தம் நடக்கிறது. அந்த மூட்டு முன்பே கொஞ்சம்தான் அசைந்தது என்பதால், இணைந்த பிறகு நடையில் அதன் இழப்பைப் பெரும்பாலோர் உணர்வதில்லை. பெருவிரல் மடங்குவது அப்படியே இருக்கும். தளர்வான மூட்டுகள், 16 டிகிரி இடைக்கோணம், தேயாத பெருவிரல் மூட்டு என்பவை உங்களுக்குப் பொருந்தினால் என் சாய்வு இந்தப் பக்கம்தான். படங்களைப் பார்க்காமல், பாதத்தைத் தொடாமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியாகாது.

இதிலும் தவறுகள் நேரும். எலும்பு ஒட்டாமல் போகலாம். புகைபிடித்தல், கட்டுப்பாடற்ற சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. மெட்டாடார்சல் கொஞ்சம் மேல்நோக்கி ஒட்டிவிட்டால் பெருவிரல் பக்கம் எடை தாங்காது, சுமை இரண்டாவது விரலுக்குப் போகும். குருத்தெலும்பை நீக்கும்போது எலும்பு சில மில்லிமீட்டர் குட்டையாவதாலும் அதே விளைவு வரும். முதல் அறுவையிலேயே உங்கள் மெட்டாடார்சல் குட்டையாகியிருக்கக்கூடும். உள்ளங்கால் வலிக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இரண்டாவதோடு ஒப்பிட்டு அதன் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். மிகவும் குட்டையாக இருந்தால், மூட்டுக்குள் எலும்புத் துண்டு வைத்து நீளத்தைக் காப்பதா, இரண்டாவதைச் சற்றுக் குட்டையாக்குவதா என்பது முன்கூட்டியே திட்டத்தில் இருக்க வேண்டும். அறுவை மேசையில் வைத்து முடிவெடுக்கும் விஷயம் அல்ல அது.

பெருவிரல் மூட்டையே இணைப்பது வேறு சூழலுக்கானது. மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால், முடக்குவாதம் இருந்தால், கோணல் மிகக் கடுமையாக இருந்தால், பலமுறை செய்து தோற்றிருந்தால் அதுவே நம்பகமான வழி. விரல் மறுபடி சாய்வதற்கான கீலே அங்கே இருக்காது. மூட்டு இணைந்தால் நொண்டி நடக்க வேண்டும் என்ற உங்கள் அச்சம் தவறானது. சரியான கோணத்தில், அதாவது விரல் சற்றே மேல்நோக்கியும் சற்றே இரண்டாவது விரல் பக்கமும் இருக்கும்படி இணைத்தால் வலியில்லாமல் நீண்ட தூரம் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். இழப்பது குதிகால் உயர்ந்த காலணியையும், நுனிக்காலில் எம்புவதையும், விரல்களை மடக்கி ஊன்றிக் குந்துவதையும்தான். மூட்டு தேயாத 46 வயதில் இதற்கு முதலிடம் கொடுக்க மாட்டேன். தேய்ந்திருந்தால் தயங்காமல் கொடுப்பேன்.

உங்கள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு எளிய சோதனை உண்டு. விரலைக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் மடக்கிப் பார்க்க வேண்டும். நேராக்கிய பின்னும் வலியின்றி நன்றாக மடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். கோணலாக விட்டால் மட்டுமே மடங்குகிறது, நேராக்கினால் இறுகி வலிக்கிறது என்றால், நேராக்கும் அறுவைக்குப் பின் விரல் விறைத்துப்போகும். தலையின் குருத்தெலும்பு முகமே சாய்ந்திருந்தாலும் இப்படி நேரும். அப்போது தலையின் முகத்தைத் திருப்பும் வெட்டு கூடுதலாகத் தேவைப்படலாம்.

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது, உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது: நடுப்பாத மூட்டு உறுதியாக இருந்தால், மெட்டாடார்சலின் தண்டிலோ அடியிலோ வெட்டி மறுபடி நகர்த்துவது. பழைய வெட்டின் இடத்தையே மறுபடி வெட்டுவதில் ஆபத்து அதிகம். தலைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே ஒருமுறை பாதிக்கப்பட்டவை. இன்னொரு முறை அறுந்தால் தலை உயிரிழந்து நொறுங்கக்கூடும்.

இரண்டாவது விரலை மறக்கக் கூடாது

அந்த விரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால், அதன் அடியில் உள்ள தடித்த திசுப்பட்டை கிழிந்திருக்கலாம். மருத்துவர் அந்த விரலின் அடிமூட்டைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ உதவும். முதல் மெட்டாடார்சல் மறுபடி எடை தாங்கத் தொடங்கினாலே சிலருக்கு அந்த வலி அடங்கிவிடும். சிலருக்கு இரண்டாவது மெட்டாடார்சலைச் சற்றுக் குட்டையாக்கி, கிழிந்த பட்டையைத் தைத்து, மடங்கிய விரலைக் கம்பியிட்டு நேராக்க வேண்டியிருக்கும். கம்பி பொதுவாக 4 முதல் 6 வாரம் வெளியே தெரியும்படி நிற்கும், பிறகு உருவிவிடுவார்கள். அதன் பின் விரல் நுனி தரையைத் தொடாமல் மிதப்பது ஒரு தெரிந்த பக்கவிளைவு. முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

அறுவை சிகிச்சை இப்போதே வேண்டுமா?

அவசரம் எதுவும் இல்லை. புடைப்பைக் காரணம் காட்டி, இப்போது செய்யாவிட்டால் மூட்டு பாழாகிவிடும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அதை ஏற்காதீர்கள். கோணல் கூடினாலும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில்தான் கூடும். எக்ஸ்ரேயில் கோணம் கூடியிருக்கிறது என்பதோ, பார்க்க நன்றாக இல்லை என்பதோ இரண்டாவது அறுவைக்குப் போதுமான காரணம் ஆகாது. வலியும் நடைக் குறைவும்தான் காரணம்.

மூன்று மாதம் இதை முயன்று பாருங்கள். விரல் பகுதி அகலமும் உயரமும் கொண்ட, அடி வளையாத, முன்புறம் சற்று மேல்நோக்கி வளைந்த ஷூ. உள்ளே மெட்டாடார்சல் பேட் எனும் ஒரு சிறு மெத்தைத் துண்டு. ஆனால் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்தால் வலி கூடும், காய்த்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைக்க வேண்டும். முழங்காலை நீட்டிச் சுவரில் கை ஊன்றிக் கெண்டைத் தசையை 30 விநாடி நீட்டும் பயிற்சி, ஒரு காலுக்கு மூன்று முறை, தினமும் இருவேளை. காய்ப்பை நீங்களே பிளேடால் செதுக்க வேண்டாம். இவற்றால் வலி பாதியாகக் குறைந்து வேலை பார்க்க முடிந்தால், அறுவையைத் தள்ளிப்போடுவது முழுக்க நியாயமான முடிவு. குறையாவிட்டால் நல்ல மனதோடு அறுவைக்குப் போகலாம்.

கையெழுத்திடும் முன்

முதல் அறுவையின் பதிவேடுகளின் நகலை அந்த மருத்துவமனையில் எழுத்து மூலம் கேளுங்கள். வெளியேறும்போது தரும் சுருக்கம் மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு வேண்டும், எக்ஸ்ரே படங்கள் வேண்டும், ஸ்க்ரூவின் வகையும் அளவும் எழுதிய தாள் வேண்டும். ஸ்க்ரூவின் தலை வடிவம் தெரியாவிட்டால் அதைக் கழற்றும் சரியான கருவி மேசையில் இருக்காது. இருந்த கருவியால் முயன்று தலை தேய்ந்துபோனால், எலும்பைக் குடைந்து எடுக்க நேரிடும்.

புதிய மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் புடைப்பு திரும்பியதற்குக் காரணம் எது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் சொல்லும் முறை அந்தக் காரணத்தை எப்படி நீக்குகிறது? பழைய ஸ்க்ரூவை எடுப்பீர்களா? இரண்டாவது விரலுக்கு என்ன திட்டம்? எலும்பு ஒட்டாவிட்டால் அடுத்த படி என்ன? திரும்ப வந்த புடைப்புகளுக்கு நீங்கள் வழக்கமாக அறுவை செய்கிறீர்களா, கத்தி பிடிக்கப்போவது நீங்கள்தானா? இவற்றைக் கேட்பது அவமரியாதை இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. படிவத்தில் அறுவையின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புடைப்புத் திருத்தம் என்று மொட்டையாக எழுதியிருந்தால் விவரமாக எழுதக் கேளுங்கள்.

உடம்பைத் தயார்செய்வதும் உங்கள் கையில்தான். சர்க்கரை இருந்தால் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, கட்டுக்குள் வர வேண்டும். வைட்டமின் டி குறைவானால் முன்கூட்டியே ஈடுசெய்ய வேண்டும். நீங்கள் புகைப்பவர் என்று எழுதவில்லை. புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடாமல் இருக்க வேண்டும். கருத்தடை அல்லது ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களும், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்த உறைவைத் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ தேவைப்படலாம்.

அறுவைக்குப் பின் வரும் மாதங்கள்

இரண்டாவது அறுவையில் குணமாவது முதல் முறையைவிட மெதுவாக இருக்கும். பழைய தழும்பு, குறைந்த ரத்த ஓட்டம், பெரிய திருத்தம் மூன்றும் காரணம். லாபிடஸ் செய்தால் முதல் இரண்டு வாரம் பாதத்தை நெஞ்சுக்கு மேலான உயரத்தில் தூக்கி வைத்திருப்பதே முக்கிய வேலை. கழிவறைக்குப் போகவும் சாப்பிடவும் எழுந்தால் போதும். 2 வாரத்தில் தையல் பிரிப்பார்கள், தோல் ஆறத் தாமதமானால் 3 வாரம். எடை ஊன்றுவதைப் பிடிமானத்தின் வலுவைப் பொறுத்து மருத்துவர் சொல்வார்: சிலர் தொடக்கத்திலேயே குதிகாலில் மட்டும் ஊன்ற விடுகிறார்கள், சிலர் 6 வாரம் ஊன்றவே விடுவதில்லை. இதில் உங்கள் மருத்துவரின் சொல்லே கடைசிச் சொல். தெரிந்தவர் மூன்றாவது வாரமே நடந்தார் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். 6-ஆம் வாரமும் 10 அல்லது 12-ஆம் வாரமும் எக்ஸ்ரே எடுத்து ஒட்டியதை உறுதிசெய்வார்கள்.

நின்றபடி பாடம் நடத்தும் வேலைக்கு 3 மாதம் ஒதுக்குங்கள். உட்கார்ந்து செய்யும் பணி தற்காலிகமாகக் கிடைத்தால் அதற்கு முன்பே போகலாம். உங்களுக்கு அறுவை நடப்பது வலது கால் என்பதால், திடீரென்று பிரேக்கை அழுத்தும் பலம் திரும்பும்வரை கார் ஓட்டக் கூடாது. பெரும்பாலும் 8 வாரத்துக்குக் குறையாது. மாலையானால் பாதம் வீங்குவது 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். அது தோல்வியின் அடையாளம் இல்லை. கெண்டைக்கால் இறுகி வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காயத்தில் சீழோ காய்ச்சலோ வந்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது முறையும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். நடுப்பாத மூட்டு உறுதியாக ஒட்டி, சுழற்சியும் செசமாய்ட்களும் சரியான இடத்துக்கு வந்தால் வாய்ப்பு நன்றாகவே குறையும். முற்றிலும் இல்லை என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுப்பவரை நம்பவும் வேண்டாம். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: அளவுக்கு மீறித் திருத்தினால் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி நிற்கும், அதைச் சரிசெய்வது இதைவிடச் சிரமம். ஆகவே விரல் கோடு போட்டது போல நேராக வர வேண்டும் என்று மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். இயல்பான பெருவிரலிலும் சிறு சாய்வு உண்டு.

இடது காலைப் பற்றி: அங்கே வலி இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. வலிக்காத பாதத்தில் அறுவை வேண்டாம். பின்னால் வலி வந்தாலும் இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். வலது கால் எடையை நம்பித் தாங்கத் தொடங்கும்வரை ஊன்ற உங்களுக்கு இருக்கும் ஒரே கால் இடதுதான். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 6 மாதம் விடுங்கள். வலது காலில் காரணம் நடுப்பாதத் தளர்ச்சிதான் என்று உறுதியானால், இடது காலுக்கு அறுவை தேவைப்படும் நாளில் எலும்பின் முனையை வெட்டும் பழைய முறையை மறுபடி ஏற்காமல், அந்த மூட்டையும் முதலிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வலதுக்கு வாங்கும் அகலமான ஷூவும் கெண்டைத் தசைப் பயிற்சியும் இடதுக்கும் போதும்.